பனி சிவந்த நேரம்

அரை மணித்தியாலம் ஒரே படத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கவேண்டுமாம். முதல் ஐந்து நிமிடம் வாயே திறக்கக்கூடாதாம். அந்த மடக்குக் கதிரையில் இருந்ததுமே தவமலருக்கு எரிச்சல் தொடங்கிவிட்டது. கதிரையா அது, மூன்று கம்பியும் ஒரு துணியும். முதியோர் இல்லத்துச் சலவை அறையில் காலை ஆறு மணியிலிருந்து நின்றுவிட்டு வருகிற ஐம்பத்தெட்டு வயது மனிசிக்கு இருக்கத் தருகிற சாமானா? போன மாதம் சொக்லேட் தொழிற்சாலை. அதற்கு முந்தின மாதம் குப்பையை எப்படிப் பிரித்துப் போடுவது என்று ஒரு வகுப்பு. இந்த மாதம் ஓவியக் கூடம். சுவிஸுக்கு வந்து முப்பது வருஷம் கடந்த தமிழ்ப் பெண்களை வீட்டைவிட்டு வெளியே இழுப்பதற்காக நகரசபை மாதத்தில் ஒரு வியாழக்கிழமை பின்னேரம் இப்படி எங்கேயாவது கூட்டிக்கொண்டு போகிறது. வராமல் விட்டிருக்கலாம். கீழ்வீட்டு ரஞ்சினி மணியை விடாமல் அடித்தபடியால் வந்தாள். வந்த இடத்தில் பார்க்கக் கிடைத்தது என்ன? பனி. வெளியே கொட்டிக் கிடக்கிறது காணாதென்று உள்ளேயும் பனி, பொன்சட்டம் போட்டு, விளக்குப் போட்டு. ஒரு ஆள் நீளம், இடுப்புயரம், சுவர் முழுக்கப் பனி. தவமலர் தரையைப் பார்த்தாள். பலகைத் தரை, நன்றாக மினுக்கியிருந்தார்கள். மூலையில் ஈரப்பதன் பார்க்கிற சின்னப் பெட்டி. முன்னால் இருந்த பரமேசக்காவின் கொண்டைவலை. எவ்வளவு நேரம்தான் கொண்டைவலையைப் பார்ப்பது? கண் தானாகவே மேலே போனது. போனது போனதுதான், இனி இறங்காது.

பெரிய வெளி. இடப்பக்கத்தில் ஒரு காடு தொடங்குகிறது, ஏழெட்டு மரங்கள்தான், மிச்சம் இருட்டு. வெளிக்குக் குறுக்காக ஒரு வாய்க்கால், பாதி உறைந்தது. அடிவானத்தில் ஒரு மஞ்சள் கீறல், அதற்கு மேலே சாம்பல். வீடு இல்லை, புகை இல்லை, நாய்கூட இல்லை. ஒரு மனிசரின் கால்தடமாவது கிடக்கிறதா என்று தன்னை அறியாமலே தேடினாள். பிறகு, ஏன் தேடுகிறேன் என்று தன்மேலேயே கோபம் வந்தது. இந்த நாட்டில் அவள் பனியைப் பார்ப்பதே இல்லை. தள்ளுவாள், உப்புப் போடுவாள், சப்பாத்தைத் தட்டுவாள். பார்ப்பதில்லை. பேருந்தில் யன்னல் பக்கம் இருந்தால் கைத்தொலைபேசியைப் பார்ப்பாள். மகள் சின்னப் பிள்ளையாக இருந்த நாட்களில் பனியில் உருண்டுவிட்டு வந்து கன்னம் சிவக்க நின்றால், அந்தக் கன்னத்தில் ஓங்கி ஒன்று போடவேண்டும் போலிருக்கும். ஒருநாள் போட்டும்விட்டாள். பிள்ளை ஏனென்று தெரியாமல் அழுதது. ஏனென்று இவளும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது, உன் மாமன் இதற்குள்தான் கிடக்கிறான் என்று. எங்கேயென்று தெரியாது, இதற்குள்தான். இருபத்திரண்டு வயது. இன்பநாதன். வேலணையில் கிணற்றுக்கட்டில் நின்று குளிக்கும்போதே குளிருதென்று கத்துகிறவன்.

ஐந்து நிமிடம் முடிந்ததாக்கும். படத்துக்குப் பக்கத்தில் நின்ற ஹூபர் என்ற அந்தக் கூடத்து அம்மா கையைத் தட்டாமல் தட்டி, டொச் மொழியில் பேசத் தொடங்கினாள். மெல்லிய குரல், குழந்தையை நித்திரையாக்குகிற குரல். அவள் நிறுத்த நிறுத்த, மறுபக்கத்தில் நின்ற தயாபரன் தமிழில் சொன்னான். "இவ சொல்லுறா, நாங்கள் எல்லாரும் பனி வெள்ளை எண்டுதானே நினைக்கிறம், ஆனா இந்தப் படத்தில வெள்ளை கிட்டத்தட்ட இல்லையாம். நிழல் விழுற இடமெல்லாம் நீலமும் ஊதாவும். வெளிச்சம் படுற இடம் மஞ்சள் கலந்தது. சுத்த வெள்ளை அந்த வாய்க்கால் கரையில ஒரே ஒரு கோடுதானாம்." பெண்கள் ஓ என்றார்கள். தவமலருக்குச் சிரிப்பு வந்தது, நல்ல சிரிப்பில்லை. வெள்ளையைப் பற்றி எனக்கு நீ சொல்லித் தரப்போகிறாயா? ஒரு நாளைக்கு இருநூறு படுக்கை விரிப்பு இந்தக் கையால் போகிறது. கிழவர்கள் கிடந்த விரிப்பின் வெள்ளை வேறு, செத்துப்போனவரை எடுத்த பிறகு வருகிற விரிப்பின் வெள்ளை வேறு. தொண்ணூறு பாகையில் அவித்தாலும் அந்த மஞ்சள் போகாது. ஊரில் அம்மா அப்பாவின் வேட்டிக்கு நீலம் போடுவா. ஒரு சொட்டுக் கூடினால் வேட்டி பிணத்தின் நகம் மாதிரி ஆகிவிடும். இந்தப் படக்காரன் அந்த நீலத்தைத்தான் பூசியிருக்கிறான். மரத்துக்குக் கீழே நீட்டாகப் போகிற நிழல்களைப் பார், ஒரு சொட்டுக் கூடின நீலம். இதைப் பார்த்தா வடிவு என்கிறார்கள்?

"என்ன உணர்ச்சி வருகுது எண்டு கேக்கிறா," என்றான் தயாபரன்.

"நல்ல அமைதி," என்றா பரமேசக்கா. "அமைதிதான். ஒரு சத்தமும் இல்லாத மாதிரி," என்றாள் ரஞ்சினி. பின்னாலிருந்தும் ஒருத்தி அமைதி என்றாள். அவன் அதையெல்லாம் சேர்த்து ரூஹே என்று ஒரே சொல்லாக ஆக்கி ஹூபரிடம் கொடுத்தான். அவள் மகிழ்ச்சியாகத் தலையாட்டினாள். ரூஹே. அந்தச் சொல் தவமலருக்கு நன்றாகத் தெரியும். முதியோர் இல்லத்தில் யாராவது இழுத்துக்கொண்டு கிடந்தால் கதவில் அந்தச் சொல் எழுதின அட்டையைத் தொங்கவிடுவார்கள், தள்ளுவண்டியைச் சத்தமில்லாமல் கொண்டுபோகச் சொல்லி. அமைதியாம். காட்டுக்குள் பனியில் என்ன அமைதி? பல்லு அடிக்கிற சத்தம் இருக்கும், மூச்சு இரைக்கிற சத்தம் இருக்கும், அம்மா என்று கூப்பிட்டிருப்பான், அக்கா என்று கூப்பிட்டிருப்பான். இல்லை, கூப்பிடவில்லை. நித்திரையிலேயே போய்விட்டான். அதுதானே தயாபரன் சொன்னது. அதைப் பிடித்துக்கொண்டுதானே இத்தனை வருஷம் இருந்தது.

அவள் அவனைப் பார்த்தாள். சாம்பல் நிறக் கோட்டு, கழுத்தில் கம்பளித் துண்டு, மூக்குக்கண்ணாடி, பக்கத்தில் மட்டும் மிஞ்சின மயிர். இந்தப் பட்டணத்துத் தமிழருக்கு அவன்தான் நாக்கு. வைத்தியசாலை, நீதிமன்றம், பள்ளிக்கூடம், அகதி விசாரணை, எங்கே போனாலும் தயாபரன். கோயில் நிர்வாகத்தில் தயாபரன். கலியாண வீட்டில் முன்வரிசையில் தயாபரன். முப்பத்தொரு வருஷத்துக்கு முந்தி, தை முடிந்து மாசி பிறந்த பிறகு, ஒரு பை தோடம்பழத்தோடு அவள் வீட்டுக் கதவைத் தட்டினபோது அவனுக்கு இருபத்தேழு வயது. விரல் நுனியெல்லாம் கறுத்துப்போய், இரண்டில் நகமே இல்லாமல், சோபாவின் விளிம்பில் இருந்துகொண்டு சொன்னான். நாலு பேராய்ப் பொழுதுபடப் புறப்பட்டார்களாம். எல்லைக் காடு, ஒரே ஒரு இரவு நடை. பத்து மணிபோல இன்பனுக்கு ஏலாமல் போய்விட்டதாம். மற்ற இரண்டு பேரும் முன்னே போய்விட, இவன் மட்டும் நின்றானாம். மரத்தடியில் இருத்தி, தன் கோட்டைக் கழற்றிப் போர்த்தானாம். "இரவு ஒரு மணி இருக்குமக்கா. நித்திரையிலேயே அடங்கிட்டுது. ஒரு வலியும் இல்லை. எனக்கு மடியில தலை." பிறகு தனியாக நடந்து, விடிய முதலே எல்லையைக் கடந்து, பொலிஸ்காரரின் மூடின வாகனத்துக்குள் ஏற்றப்பட்டு, அன்று விடிந்ததையே தான் பார்க்கவில்லை என்றான். அவள் அவனுடைய கறுத்த விரல்களைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவன் கையைக் கண்ணில் ஒற்றினாள். ஒற்றினாளே! இதோ இந்தக் கண்ணில்.

அந்த நாளையில் கோபம் அவன்மேல் இல்லை. யார்மேல் இருந்தது? தன்மேல். வா என்று எழுதியது அவள்தான். அம்மா அவனை விடமாட்டேன் என்றுதான் நின்றா. புதுப் பெண்ணாக இங்கே வந்து இறங்கின குளிர்காலத்தில், ஒரு மலையும் பனியும் அச்சடித்த அட்டையில் அவள் எழுதினாள்: இங்கே பனி பஞ்சு மாதிரிக் கொட்டுகிறது தம்பி, நீ பார்த்தால் விடமாட்டாய், அள்ளி விளையாடுவாய். பஞ்சு மாதிரி. எந்த மடைச்சி எழுதுவாள் அப்படி? பஞ்சு குளிருமா? பஞ்சு விரலைக் கறுப்பாக்குமா? அந்த அட்டையை அவன் சுவரில் ஒட்டி வைத்திருந்தான் என்று அம்மா பிறகு எழுதினா. இந்தப் படக்காரனும் அட்டை எழுதினவள் மாதிரித்தான். நின்று பார்த்திருப்பான், சுற்றிக் கம்பளி, பையில் சாராயம், பின்னால் எங்கேயோ குதிரை வண்டி. வீட்டுக்குத் திரும்பிப் போகிறவனுக்குத்தான் பனி வடிவு. கணப்படுப்புக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு நீலத்தைக் குழைப்பான். பிறகு நூற்றைம்பது வருஷம் கழித்துப் பதினொரு பெண்களை வரிசையில் இருத்தி, பார், உணர் என்பார்கள். எதை உணர?

ஹூபர் இப்போது கையைக் காற்றில் குறுக்காக இழுத்து இழுத்துக் காட்டினாள். "தூரிகையில சாயம் கனக்க எடுக்கேல்லையாம்," என்றான் தயாபரன். "கிட்டத்தட்டக் காய்ஞ்ச தூரிகை. அதைப் படுக்கையா வைச்சு ஒரே இழுவை. அதாலதான் மயிர் போன கீறல் கீறலாத் தெரியுது. கீழ முதல்ல பூசின செம்மண் நிறமும் இடைக்கிட தெரியுது பாருங்கோ. மரங்கள் மேலயிருந்து கீழ ஒரே இழுப்பு, கை எடுக்காமல். பாதியில சாயம் முடிஞ்சாலும் திரும்பத் தோய்க்கேல்லை." உண்மைதான். இரண்டாவது மரம் இடுப்புவரை கறுப்பாக வந்து, அதற்குக் கீழே வெறும் கீறலாகித் தேய்ந்து பனிக்குள் போய்விட்டது. அந்த மரத்தடியில் ஒருவர் சாய்ந்து இருக்க இடமிருந்தது. தவமலர் கண்ணை எடுக்கப் பார்த்தாள். முடியவில்லை. அங்கே ஒருவரும் இல்லை. காய்ந்த தூரிகை உரசின உரசலுக்குக் கீழே செம்மண் நிறம் மட்டும், தோல் உரிந்த இடம் மாதிரி. சீ, என்று நினைத்தாள். யாரடா உன்னை இப்படி வரையச் சொன்னது?

"இது எந்த நேரம் எண்டு நினைக்கிறியள் எண்டு கேக்கிறா."

பின்னேரம், பொழுதுபடுகிற நேரம் என்று நாலைந்து பேர் சொன்னார்கள். ஹூபர் சந்தோஷமாகச் சுவரில் ஒட்டியிருந்த சின்ன அட்டையைக் காட்டினாள். "ஓம், சரி. வரைஞ்சவரே பின்னால அப்பிடித்தான் எழுதியிருக்கிறாராம், குளிர்கால மாலை எண்டு." தயாபரன் சொல்லிவிட்டு, திரும்பிப் படத்தைப் பார்த்தான். இத்தனை நேரமும் பெண்களையும் ஹூபரையும் மாறி மாறிப் பார்த்தவன், முதல் தடவையாகப் படத்தைப் பார்த்தான். கொஞ்சம் சிரித்தான். மற்றவர்கள் சொன்னதையே சொல்லிச் சொல்லிக் களைத்தவனுக்குச் சொந்தமாக ஒன்று சொல்லக் கிடைத்தது மாதிரி. "ஆனா எனக்கெண்டா இது விடியப்புறம். பின்னேரத்தில பனி இப்பிடி மினுங்காது. இரவு முழுக்க இறுகினாத்தான் மேல கண்ணாடி மாதிரி ஒரு ஓடு பிடிக்கும். காட்டுக்குள்ள இருந்து பார்த்தா முதல்ல நிழல்தான் நீலமா வரும், பேந்துதான் பனி மெல்ல மெல்லச் சிவக்கும். கூட வந்த பொடியன் ஒருத்தன் சொன்னான், அண்ணை, பாருங்கோ, செம்பரத்தம்பூ கசக்கின தண்ணி மாதிரி இருக்கு…"

நிறுத்திவிட்டான். ஒருவரும் கவனிக்கவில்லை. "உண்மைதான், ஒரு றோசா நிறம் தெரியுது," என்றாள் ரஞ்சினி. ஹூபர் அடுத்ததற்குப் போய்விட்டாள்.

செம்பரத்தம்பூ கசக்கின தண்ணி. வெள்ளிக்கிழமைகளில் அம்மா வேலியோரத்துச் செம்பரத்தையைப் பிடுங்கி வாளித் தண்ணியில் கசக்கி இவள் தலையில் வார்ப்பா. வழுவழுவென்று, சிவப்புமில்லை ஊதாவுமில்லை என்று ஒரு நிறம். அந்த வாளிக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, எனக்கும் எனக்கும் என்று கையை விடுகிறவன் ஒருவன்தான். வேறு எந்தப் பொடியன் சொல்வான்? இல்லை, சொல்லலாம், ஊரில் எல்லார் வேலியிலும் செம்பரத்தை நின்றதுதானே, எல்லார் அம்மாவும் கசக்கினவைதானே. கூட வந்த பொடியன். எங்கே கூட வந்த? ஒரே ஒரு இரவுதான் காட்டுக்குள் நடந்ததென்று சொன்னான். மற்ற இரண்டு பேரும் முன்னே போய்விட்டார்களென்று சொன்னான். அப்படியென்றால் மிச்சம் எத்தனை பேர்? நாலில் இரண்டு போனால் இரண்டு. அந்த இரண்டில் ஒருவன் இவன். விடிந்ததைப் பார்க்கவே இல்லை, மூடின வாகனம் என்று சொன்னான். பார்க்காத விடியலில் பனி எப்படிச் சிவந்தது? செத்தவன் எப்படிக் கதைத்தான்? ஒரு மணிக்கு அடங்கினவன், மடியில் தலை வைத்து அடங்கினவன், விடிய எப்படி அண்ணை பாருங்கோ என்றான்? தவமலர் திரும்பத் திரும்ப அந்த இரவை மணிக்கூட்டு முள்ளாக நகர்த்திப் பார்த்தாள். பத்து மணி, ஒரு மணி, பிறகு மூடின வாகனம். எந்த இடத்திலும் விடியலுக்கு இடமில்லை. ஆனால் விடிந்துவிட்டது. சுவரில் விடிந்துகொண்டே இருக்கிறது. மஞ்சள் கீறல், நீல நிழல், கண்ணாடி ஓடு பிடித்த பனி. ஒரு மணி என்று சொன்னபடியால்தான் ஐயர் பஞ்சாங்கத்தைப் பார்த்துத் தசமி என்றார். நாலு மணிக்குப் பிறகென்றால் ஏகாதசி என்றும் சொன்னார். நேரம் நிச்சயம்தானே என்று அவர் கேட்க, நிச்சயம் ஐயா, நான் பக்கத்திலதான் இருந்தனான் என்று இவன் சொன்னான். முப்பது தசமி. முப்பது தடவை சமைத்து, முதல் இலை இவனுக்குப் போட்டு, தம்பிக்குப் பிடித்த கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பை இன்னும் கொஞ்சம் விடுங்கோ என்று இவன் வாங்கி வாங்கித் தின்ன, அவள் பக்கத்தில் நின்று பார்த்து மனம் ஆறினாளே. யாருடைய திவசம் அது? உயிரோடு இருந்தவனுக்கா?

எழும்பியது அவளுக்கே தெரியவில்லை. கதிரை பின்னால் மடிந்து விழுந்தது. ஹூபர், கிட்ட வந்து பார்க்கலாம், தொடாமல் பார்க்கலாம் என்று எல்லாரையும் கூப்பிட்டுக்கொண்டிருந்த நேரம்தான் அது. அதனால் எல்லாரும் எழும்பினார்கள். பெண்கள் வாய்க்கால் பக்கமாகக் கூடி அந்த ஒரே ஒரு வெள்ளைக் கோட்டைத் தேடினார்கள். தவமலர் காட்டுப் பக்கம் போனாள். தயாபரன் அங்கே நின்றான். கிட்டத்தில் படம் படமாகவே இல்லை. வெறும் கீறல், கட்டி தட்டின சாயம், செம்மண்.

"எத்தினை மணிக்கு விடிஞ்சது?" என்று கேட்டாள்.

அவன் அவளைப் பார்க்கவில்லை. "அக்கா, இஞ்ச வேண்டாம். இரவைக்கு வீட்டை வாறன்."

"விடிஞ்சது எத்தினை மணிக்கு எண்டு கேட்டனான்."

"ஏழரை… எட்டு மணி இருக்கும்."

"அவன் இருந்தவனோ?"

மூக்குக்கண்ணாடியைக் கழற்றினான். துடைக்கவில்லை, கையில் வைத்துக்கொண்டு நின்றான். "மரத்தோட சாய்ஞ்சு இருந்தவன்."

"கதைச்சவன்."

"கதைச்சவன். நல்லாக் கதைச்சவன். கால்தான் அக்கா, முழங்காலுக்குக் கீழ ஒண்டும் இல்லாத மாதிரி எண்டான். தூக்கிப் பார்த்தன். சத்தியமாத் தூக்கிப் பார்த்தன், பத்தடி போக ஏலேல்லை. நான் போய் ஆக்களைக் கூட்டிக்கொண்டு வாறன் எண்டு சொல்லிப்போட்டுத்தான் வெளிக்கிட்டனான். ஓம் அண்ணை, கெதியா வாங்கோ எண்டவன்."

கெதியா வாங்கோ. தவமலர் படத்தைப் பார்த்தாள், அவனைப் பார்க்கமுடியாமல். இரண்டாவது மரம். சாயம் முடிந்த இடம். கெதியா வாங்கோ என்றுவிட்டு அவன் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு இருந்திருப்பான்? இவன் போன பக்கம். பனி சிவந்து, பிறகு மஞ்சளாகி, பிறகு வெறும் பனியாகும்வரை இவன் போன பக்கத்தையே பார்த்திருப்பான்.

"பிறகு?"

"ஒரு மணித்தியாலத்தில எல்லையைத் தாண்டிப்போட்டன். தாண்டின உடன பொலிஸ் பிடிச்சிட்டாங்கள்."

"நல்லதுதானே! அவங்களுக்குச் சொன்னனீங்களோ?"

"எனக்குப் பாஷை தெரியாதக்கா. ஒரு சொல்லும் தெரியாது."

"கை இருந்ததுதானே?" அவள் குரல் அவளுக்கே கேட்காத அளவுக்குத் தாழ்ந்து போயிருந்தது. "காட்டைக் காட்டுறதுக்குப் பாஷை வேணுமோ?"

அவன் அழவில்லை. அழுதிருந்தால் அடித்திருப்பாள். "வந்த பாதை தெரிஞ்சா அந்தப் பக்கமே திருப்பி அனுப்பிப்போடுவாங்கள் எண்டு பயம். தேத்தண்ணி தந்தவங்கள். சூடு. குடிச்சு முடிச்சிட்டுச் சொல்லுவம் எண்டு நினைச்சன். பேந்து, மத்தியானம் ஆகட்டும். பேந்து, இனிச் சொல்லி என்ன. அப்பிடித்தான் அக்கா போனது. வேற ஒண்டுமில்லை. அப்பிடித்தான்."

தேத்தண்ணி. மத்தியானம். ஒரு மணித்தியால நடைக்கு அங்கால் ஒருவன் மரத்தோடு சாய்ந்திருக்க, இவன் கிளாசைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தான். விரல் சூடேறுகிறதா என்று பார்த்துக்கொண்டு இருந்திருப்பான். அந்த விரலைத்தான் நான் கண்ணில் ஒற்றினேன். காரில் போயிருந்தால் பத்து நிமிடம். நாயை விட்டிருந்தால் மோப்பம் பிடித்துக் கண்டுபிடித்திருக்கும். கால் போயிருக்கும், போகட்டுமே, இரண்டு காலும் போகட்டும், சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளியிருப்பேன், என் மகளோடு விளையாடியிருப்பான். உடலாவது கிடைத்திருக்கும். எழுதாத இடமில்லை அவள், எத்தனை நாட்டுக்கு, எத்தனை கடிதம். அந்தக் கடிதங்களையெல்லாம் மொழிபெயர்த்து எழுதித் தந்ததே இவன்தான்! மேசையில் எதிரே இருந்து, எந்த இடத்தில் விட்டனீங்கள் என்று இவள் கேட்க, ஞாபகமில்லையக்கா, இருட்டு என்று சொல்லிச் சொல்லி, அழகான எழுத்தில். இருட்டு இல்லையடா. இருட்டே இல்லை. நிறம் நிறமாக விடிந்திருந்தது உனக்கு.

ஹூபர் அவர்கள் பக்கத்தில் வந்து நின்றாள். தவமலரின் முகத்தைப் பார்த்தாள். அந்தக் குழந்தைக் குரலில் தயாபரனிடம், இந்த அம்மா மிகவும் நெகிழ்ந்துபோயிருக்கிறா, என்ன சொல்கிறா என்று கேட்டாள். அவன் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டான். போட்டதும் பழைய தயாபரன் வந்துவிட்டான். சரளமாகச் சொன்னான்: இந்தப் பனி இவவுக்கு இறந்துபோன தம்பியை நினைவூட்டுகிறதாம், ஆனாலும் இதில் ஒரு அமைதியைக் காண்கிறாவாம். ரூஹே.

முதியோர் இல்லத்தில் முப்பது வருஷம் வேலை செய்தவளுக்கு அது விளங்காதென்று நினைத்தானா? இல்லை, விளங்கினாலும் வாய் திறக்கமாட்டாள் என்று நினைத்தான். இத்தனை காலமும் அவளுக்காக வாய் திறந்தது அவன்தானே.

"அப்பிடி நான் சொல்லேல்லை," என்றாள். "நான் கேட்டதையும் நீங்கள் சொன்னதையும் அப்பிடியே இவவுக்குச் சொல்லுங்கோ."

"அக்கா…"

"சொல்லுங்கோ. இப்ப பாஷை தெரியும்தானே?"

அவன் சொன்னான். அவள் எதிர்பார்க்கவில்லை, ஆனால் சொன்னான். ஹூபரையும் பார்க்காமல், இவளையும் பார்க்காமல், தரையைப் பார்த்துக்கொண்டு, ஒரு சொல்லும் தடுக்காமல். நான் அவனை உயிரோடு விட்டுவிட்டுப் போனேன். காலையில் அவன் உயிரோடு இருந்தான், என்னோடு பேசினான். நான் திரும்பி வருவேன் என்று சொன்னேன். என்னைப் பிடித்தவர்கள் எனக்குத் தேநீர் தந்தார்கள். நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. தவமலர் ஒவ்வொரு சொல்லாகக் கேட்டாள். எல்லாம் சரி, ஒன்றும் கூடவுமில்லை குறையவுமில்லை. அவன் முகத்தில் ஒரு இளக்கம் வருவதையும் கண்டாள். எங்கேயோ ஒரு முடிச்சு அவிழ்ந்தது போல. ஏன் என்று அவளுக்கு விளங்கவில்லை. ஹூபர் கண் கலங்கித் திரும்பித் தவமலரின் தோளில் கையை வைத்து, நீங்கள் அப்போது மிகவும் இளமையாக இருந்திருப்பீர்கள், உங்களை நீங்களே மன்னிக்கவேண்டும் என்றபோதுதான் விளங்கியது. மொழிபெயர்க்கிறவன் நான் என்றால் அது பேசுகிறவரின் நான். டாக்டரிடம் போனால் எனக்கு அடிவயிறு நோகிறது என்று இவளுக்காக இவன்தான் சொல்வான், டாக்டர் இவள் வயிற்றைத்தான் அமுக்குவார். அப்படித்தான் இப்போதும். சொல்லவேண்டியதையெல்லாம் சொல்லி முடித்துவிட்டான், இவள் வாயால். முப்பத்தொரு வருஷப் பாரத்தை இறக்கி, இவள் தோளில் வைத்தான். அந்த மனிசியின் கை அங்கேதான் இருக்கிறது, இளஞ்சூடாக, தட்டிக் கொடுத்துக்கொண்டு.

அவள் அந்தக் கையை எடுத்து அப்பால் விட்டாள்.

"நிஷ்ட் இஷ்," என்றாள். நான் இல்லை. "ஏர்." இவர்.

ஹூபருக்கு உடனே விளங்கவில்லை. அந்தச் சொல்லை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். பிறகு மெதுவாகத் திரும்பி, இத்தனை நேரமும் ஒரு குரலாக மட்டும் பக்கத்தில் நின்ற மனிதனைப் பார்த்தாள். முகம், கோட்டு, கை. தயாபரன் கைகளைக் கோட்டுப் பைக்குள் வைத்தான். இனி அவனிடம் மொழிபெயர்க்க ஒன்றும் இருக்கவில்லை.

வாய்க்கால் பக்கம் நின்ற பெண்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். டொச் பாதி விளங்கியும் விளங்காமலும் அவர்கள் முகத்தில் கேள்வி. "என்னடி தவம்? என்ன நடந்தது?" என்று கேட்டாள் ரஞ்சினி. "தயாபரன் தம்பி, என்னவாம்?" என்று வழக்கம்போல அவனைத்தான் பார்த்துக் கேட்டா பரமேசக்கா. அவன் மகளின் கலியாணத்தில் ஆராத்தி எடுத்தவ அவ. வருகிற ஞாயிற்றுக்கிழமை கோயில் கூட்டத்தில் அவனுக்குப் பக்கத்தில் இருக்கப்போகிறவ. இதைச் சொன்னால் என்னென்ன உடையும் என்று தவமலருக்கு ஒரு கணம் மனம் ஓடியது. எத்தனை வீடு, எத்தனை வருஷப் பழக்கம். அவனுடைய மனிசி நல்லவள். ஓடிய மனத்தை இழுத்து நிறுத்தினாள். உடையட்டும். அவனுக்கு உடையாமல் இருந்த முப்பத்தொரு வருஷமும் யார் தந்தது?

"அவரைக் கேக்காதேங்கோ அக்கா, என்னைக் கேளுங்கோ," என்றாள். சத்தம் போட்டுப் பேசக்கூடாத கூடத்தில், எல்லாருக்கும் கேட்கும்படி, தமிழில். "என்ர தம்பி இரவு சாகேல்லை."